கிருமித் தொற்றால் புரோஸ்டேட் புற்றுநோய் வருமா? அப்பாவுக்கு பிஎஸ்ஏ 18 என்று வந்திருக்கிறது

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 67 வயது, காய்ச்சலும் சிறுநீர்க் கடுப்பும் வந்து கிளினிக்கில் ரத்தம் எடுத்ததில் பிஎஸ்ஏ 18. தொற்று முற்றிப் புற்றுநோய் ஆகிவிட்டதா என்பது உங்கள் கவலை.

நான் டாக்டர் இல்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "அக்கா, இது கேன்சர்தானே?" என்று ரிப்போர்ட்டும் கையுமாகக் கவுன்டரில் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாதி பயத்துக்கு ரிப்போர்ட்தான் காரணம். பிஎஸ்ஏவை 'டியூமர் மார்க்கர்' (புற்றுக்கட்டியின் அடையாளம்) என்ற தலைப்பின் கீழ் அச்சடித்து, வழக்கமான வரம்பான 4ஐத் தாண்டினால் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

பிஎஸ்ஏ என்பது, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி, புற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுரக்கிற புரதம். சுரப்பிக்குள் கிருமி புகுந்து அழற்சி வந்தால், அந்தப் புரதம் ரத்தத்தில் கூடுதலாகக் கசியும். எண் மளமளவென்று ஏறும். அதனால் காய்ச்சலோடு எடுத்த 18ஐ வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், கொடுத்தாரா என்று பாருங்கள். ஆண்டிபயாடிக் மாத்திரையின் முதல் வேளைக்கு முன்பே கொடுப்பது நல்லது. மறுநாள் கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்தால் ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருப்பது பெரும்பாலும் ஈ.கோலை, நம் குடலிலேயே குடியிருக்கும் கிருமி. அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும். புரோஸ்டேட்டுக்குள் எல்லா ஆண்டிபயாடிக்கும் சரியாக இறங்காது. அதனால்தான் வாரக்கணக்கில் தருகிறார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை அலமாரியில் போட்டுவிடும் பழக்கம் நம் அப்பாக்களுக்கு உண்டு, கவனம்.

தொற்று அடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே கூடத்தில் மறுபடி பிஎஸ்ஏ எடுங்கள். எண் இறங்கினால் நல்லது. ஆனால் இறங்கியும் 4க்கு மேலேயே நின்றால் 'தொற்றுதானே' என்று விட்டுவிடாதீர்கள். யூரோலஜிஸ்ட் (சிறுநீர்ப்பாதை நிபுணர்) பார்க்க வேண்டும். கிளினிக்கில் ரெஃபரல் கடிதம் வாங்கினால் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பயாப்சி (திசுத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எல்லாம் அதற்கு அப்புறம்தான். தொற்று இருக்கும்போது பயாப்சி செய்ய மாட்டார்கள்.

சரி, தொற்று புற்றை உண்டாக்குமா? வயிற்றில் அப்படி நடக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் வருடக்கணக்காக அழற்சியை மூட்டி, சிலருக்குப் புற்றுநோய் வரை கொண்டுபோகிறது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் கொடுத்தார்கள். புரோஸ்டேட்டிலும் அதே சந்தேகம் உண்டு. அழற்சியால் சுருங்கி, அதே சமயம் வேகமாகப் பெருகும் செல் கூட்டங்களைப் புற்றுக்கு முந்தைய நிலையாக இருக்கலாம் என்று 1999இல் டி மார்சோ என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதினார்கள். முகப்பரு கிருமியைக்கூட புரோஸ்டேட் திசுவில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது தோலிலும் இருப்பது. திசு எடுக்கும்போது ஒட்டிக்கொண்டதா, உள்ளேயே இருந்ததா என்ற வாதம் இருக்கிறது. இன்னொன்று, புரோஸ்டேட் அழற்சி வந்தவர் டாக்டரிடம் அதிகம் போவார், டெஸ்ட் அதிகம் எடுப்பார், அதனாலேயே புற்று அதிகம் கண்ணில் படும். என்னைக் கேட்டால், சந்தேகத்துக்கு வலு இருக்கிறது, வயிற்றுக்குக் கிடைத்த மாதிரி நிரூபணம் இல்லை. வயதும், குடும்பத்தில் அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு வந்திருப்பதும், பிஆர்சிஏ2 போன்ற மரபணுக் கோளாறும்தான் உறுதியான காரணங்கள். ஒரு முறை வந்த தொற்று சில நாளில் புற்றாக மாறாது.

அப்பா புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறார் என்றால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாதங்களில் அது பிஎஸ்ஏவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.