இரண்டு கல்லூரி, ஒரே ஜிபிஏ

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறோம். என் மகள் கம்யூனிட்டி காலேஜில் 60 யூனிட் முடித்தபோது ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) 2.8தான். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறினாள். மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது, இப்போது 3.8. சட்டப் படிப்புக்கு இந்த 3.8-ஐ மட்டும் காட்டினால் போதாதா?

பதில்: போதாது, சகோதரி. மாறி வருகிறவர்களின் பழைய யூனிட்டுகளைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும். பழைய கிரேடுகளைத் தங்கள் ஜிபிஏயில் சேர்க்காது. 3.8 தனியாகத் தெரிவது அதனால்தான். சட்டக் கல்லூரிகளுக்குப் போவது வேறு கணக்கு. எல்சாக் என்ற அமைப்பு, முதல் இளங்கலைப் பட்டம் வரை படித்த எல்லாக் கல்லூரிகளின் ட்ரான்ஸ்கிரிப்டையும் (கிரேடு பதிவேடு) வாங்கித் தானே ஒரு ஜிபிஏ போடும். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோதே எடுத்த கல்லூரிப் பாடங்களும் அதில் வரும். எஃப் வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கியிருந்தாலும், பழைய எஃப் ட்ரான்ஸ்கிரிப்டில் யூனிட்டோடு இருந்தால் இரண்டையும் சேர்த்துக்கொள்வார்கள். கம்யூனிட்டி காலேஜை மறைக்க மட்டும் நினைக்கவே வேண்டாம். அது நேர்மைக் குறைவாகப் பதிவாகி, சேர்க்கையையே கெடுத்துவிடும்.

சரி, அவள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வரும் இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தால், 60 யூனிட் 2.8, 30 யூனிட் 3.8. சேர்த்தால் 3.13. பட்டம் முடித்துவிட்டு, இதே 3.8-உடன் 120 யூனிட்டும் கணக்கில் வரும்படி விண்ணப்பித்தால் 3.30. ஏ பிளஸ் எதுவும் இருந்தால் எல்சாக் அதற்கு 4.33 போடும், இன்னும் கொஞ்சம் ஏறும். சட்டக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் நடு ஜிபிஏயை (மீடியன்) ஆண்டுதோறும் வெளியிட வேண்டியிருப்பதால், இந்த வித்தியாசம் அவர்களுக்குப் பெரிது. என்னைக் கேட்டால், ஒரு வருடம் காத்திருக்கட்டும். அந்த நேரத்தில் ஒரு வேலை பார்க்கலாம், சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கு நிதானமாகத் தயாராகலாம். பழைய கிரேடை இனி மாற்ற முடியாது, எல்சாட்டைத் திரும்ப எழுதலாம். பெரும்பாலான கல்லூரிகள் அதில் அதிகபட்ச மதிப்பெண்ணைத்தான் முக்கியமாகப் பார்க்கின்றன.

ஒரு ஆறுதலும் உண்டு. எல்சாக் அறிக்கையில் ஆண்டுவாரியாக, கல்லூரிவாரியாக கிரேடுகள் தனித்தனியே இருக்கும். அவள் ஏறி வந்தது விண்ணப்பத்தைப் பார்ப்பவர் கண்ணில் படும். அந்த முதல் இரண்டு வருடம் ஏன் சறுக்கியது என்று அரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு இணைக்கச் சொல்லுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்தாளா, உடம்பு சரியில்லையா? நடந்ததை எழுதி, பிறகு என்ன மாறியது என்பதோடு நிறுத்தட்டும். ஆசிரியர்களைக் குறை சொல்ல வேண்டாம். சொல்லும்படி காரணம் இல்லையென்றால் குறிப்பே வேண்டாம்.

அப்புறம், ட்ரான்ஸ்கிரிப்டுகளைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே எல்சாக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கணக்கில் தவறு இருந்தால் கேட்டுத் திருத்த நேரம் இருக்கும்.