கூடுதல் கேட்டேன், குறைவாக வந்தது

அன்புள்ள ஐயா,

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜாவா 8-இன் அர்ரேலிஸ்ட் (நிரம்பினால் தானே வளரும் பட்டியல்) நிரலைப் படித்தேன். இந்த அளவு அந்த அளவைவிடப் பெரிதா என்று நேராகக் கேட்காமல், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, விடை பூஜ்யத்துக்கு மேலா என்று பார்க்கிறார்கள். ஏன்? இடம் நிரம்பினால் ஒன்றரை மடங்காக்குவது நல்லதா, இரு மடங்கா? எங்கள் சீனியரிடம் கேட்டால் “அவ்வளவு டேட்டா எங்கே வரப்போகிறது, விடு” என்கிறார்.

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றரையா இரண்டா என்பதை விடுங்கள், இரண்டும் ஓடும். கழித்தலுக்குக் காரணம் இது. ஒன்றரை மடங்காக்கும்போது 2,14,74,83,647-ஐத் தாண்டினால் ஜாவாவின் இன்ட் (32 பிட் முழுஎண், அதற்கு மேல் கொள்ளாது) மைனஸுக்குப் புரண்டுவிடும். நேராக ஒப்பிட்டால் அந்த மைனஸ் எண் உச்சவரம்பைவிடச் சின்னதாகத் தெரிந்து தப்பிவிடும். கழித்தால் விடை இன்னொரு முறை புரண்டு பிளஸ்ஸாகி மாட்டிக்கொள்ளும். இதை சி மொழிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். அங்கே சைன்ட் எண் (மைனஸும் வரக்கூடியது) இப்படித்தான் புரளும் என்று மொழி வாக்குக் கொடுக்கவில்லை, கம்பைலர் உங்கள் சோதனையையே தூக்கிவிடலாம்.

உங்கள் சீனியர் சொன்னதுதான் எனக்கு வலிக்கிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். முதல் வேலையில், சி-யில், ஒரு வளரும் வரிசை எழுதினேன். பதிவுக்கு 24 பைட், நிரம்பினால் இரு மடங்கு. மொத்த பைட் கணக்கை மட்டும் 32 பிட் அன்சைன்ட் (மைனஸ் இல்லாத) எண்ணில் வைத்திருந்தேன். 13,42,17,728 பதிவு வரை சிக்கலில்லை, 322 கோடி பைட். அடுத்த இரட்டிப்புக்கு 644 கோடி வேண்டும். 32 பிட்டில் 429 கோடிதான் கொள்ளும். சுற்றிவந்து மிஞ்சிய 215 கோடிதான், ஒதுக்கிய மெமரியின் அளவை மாற்றித் தரும் ரீஅலோக்குக்குப் போனது. அது கேட்டதைக் கொடுத்தது, பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை. இருந்த இடமே சுருங்கிவிட்டது. என் நிரலோ இடம் இரட்டித்ததாக நம்பி, எல்லைக்கு வெளியே எழுதிச் செத்தது. மெமரி போதவில்லை என்று ராம் வாங்கிப் போட்டார்கள். மறுநாள் இரவும் அதே பதிவில் விழுந்தது.

அப்புறம், பெரிய டேட்டா வரவே வேண்டாம், பெரிய எண் ஒன்று வந்தால் போதும். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2002-இல் நடந்தது அதுதான். எத்தனை பதில் வரும் என்று எதிர்முனை சொன்ன எண்ணை அப்படியே பெருக்கி இடம் ஒதுக்கினார்கள். பெருக்கல் புரண்டால் ஒதுக்கியது சின்ன இடம், எழுதுவது பெரிய எண்ணிக்கை. உள்ளே நுழைய அது போதும். 3.4 பதிப்பில் சரிசெய்தார்கள். “எங்கே வரப்போகிறது” என்பவர், அந்த எண்ணை யார் அனுப்புகிறார் என்று ஒருமுறை யோசிக்க வேண்டாமா?

பெருக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், பெருக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள். புரண்ட எண்ணைப் பார்த்தால் அது புரண்டது என்று தெரியாது. என் 215 கோடி நல்ல எண்ணாகத்தான் இருந்தது. அந்த வகை எண்ணில் கொள்ளும் உச்ச எண்ணை ஒரு பதிவின் அளவால் வகுங்கள். உங்கள் எண்ணிக்கை அதைவிடப் பெரிதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். கூட்டுவதானால், உச்சத்திலிருந்து கையில் இருப்பதைக் கழித்து, மிச்சம் போதுமா என்று பாருங்கள். இரட்டிப்பதானால், உச்சத்தின் பாதியைத் தாண்டிவிட்டோமா என்று பாருங்கள். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்கள் 2014-இல் கொண்டுவந்த ரீஅலோக்அர்ரே இந்தப் பெருக்கல் சோதனையைத் தன்னுள்ளேயே செய்கிறது. சி எழுதினால் அதையே கூப்பிடுங்கள்.

எட்டே மாதத்தில் லைப்ரரியின் உள்ளே போய்ப் படிக்கிறீர்கள், சந்தோஷமாக இருக்கிறது. அடுத்து ஜாவாவின் ஹாஷ்மேப்பை (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணை) திறந்து பாருங்கள், அங்கேயும் ஓர் இரட்டிப்பு இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.