மிச்ச பீட்சாவும் தோசைக்கல்லும்

லீவுக்குப் பேரன் பேத்திகள் வந்துபோனால், அடுத்த வாரம் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பீட்சாவைப் பற்றித்தான். பெரிய சைஸில் மூன்று நான்கு வாங்கிவிட்டு ஆளுக்கு ரெண்டு துண்டோடு எழுந்துவிட்டால் மிஞ்சத்தானே செய்யும்!

ஆச்சி, மிஞ்சிய பீட்சாவை மைக்ரோவேவில் சூடுபண்ணினால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. என்ன செய்வது? (காரைக்குடி)

தோசைக்கல்லை எடுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும்போது ரொட்டியின் மாவுச்சத்து இறுகிவிடும். சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் மறுபடி இளகும். அந்தச் சூட்டை மைக்ரோவேவும் தரும். ஆனால் அடியை முறுகவைக்க அதற்குத் தெரியாது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அடியை நமுக்கவைத்துவிடும், ஆறியதும் விறைத்துக்கொள்ளும்.

கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளை வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடி முறுகும். அப்புறம் தீயைக் குறைத்து, பீட்சாவின் மேல் படாமல் கல்லின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே மூடுங்கள். அந்த ஆவியில் சீஸ் இளகிவிடும். குழிவான மூடியாக இருக்கட்டும், ஆப்பச்சட்டி மூடி மாதிரி. தட்டைக் கவிழ்த்தால் சீஸ் தட்டோடு வந்துவிடும்.

பழகிய இரும்புக்கல் என்றால் கவனம். தக்காளி சாஸ் வழிந்து பட்டால் அந்தப் புளிப்பு கல்லின் பதத்தைக் கெடுக்கும், மறுநாள் தோசை ஒட்டும். தோசைக்கென்றே வைத்திருக்கும் கல்லை இதற்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. சப்பாத்திக்கல் போதும்.

சிக்கன் பீட்சா ராத்திரி முழுக்க மேசையிலேயே இருந்துவிட்டது. காலையில் நன்றாகச் சூடுபண்ணிச் சாப்பிடலாமா? தூக்கிப்போட மனசில்லை. (தேவகோட்டை)

தூக்கித்தான் போட வேண்டும். சூட்டில் கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் அதற்குள் உண்டாக்கிவிட்ட நச்சு, கொதிக்கவைத்தாலும் போகாது. சமைத்த பண்டம் வெளியில் இருக்கலாம் என்பது 2 மணி நேரம். 32 டிகிரிக்கு மேல் வெக்கை என்றால் 1 மணி நேரம்தான். நம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு எந்தக் கணக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கறி போடாத பீட்சாவுக்கும் இதேதான்.

வந்த அட்டைப்பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்? (பள்ளத்தூர்)

வைக்காதீர்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சும், சரியாக மூடவும் மூடாது. இறுக்கமான டப்பாவில் துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு வையுங்கள். 3 முதல் 4 நாள்.

எங்களிடம் ஏர் ஃப்ரையர் இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்ததையும் அதில் போடலாமா? (கானாடுகாத்தான்)

போடலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் 170 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம். ஃப்ரீசரில் இருந்தது என்றால் கொஞ்சம் கூட. உள்ளே காற்று வேகமாகச் சுற்றுவதால் லேசான கீரை, வெங்காயம் எல்லாம் பறந்து கருகும், அவற்றை எடுத்துவிட்டு வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கும்போது முதலில் துண்டு துண்டாகத் தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒன்றிரண்டு மாதத்துக்குள் தின்று தீர்ப்பது நல்லது. அதற்கு மேல் ருசி போய்விடும்.

என் மகன் பீட்சாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஜில்லென்றே தின்கிறான், அதிலும் வரமிளகாய்த் துவையல் தடவி! வயிற்றுக்கு ஆகுமா? (கோட்டையூர்)

நேரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்த பீட்சாவை ஜில்லென்று தின்பதில் தப்பில்லை. துவையலுக்கு நான் உங்கள் மகன் கட்சி. சீஸின் கொழுப்புக்கு அந்தப் புளியும் பூண்டும் நன்றாகவே எடுக்கும். சூடுபண்ணித் தின்னும் நாளில், சூடுபண்ணிய பிறகு தடவச் சொல்லுங்கள். முன்னாலேயே தடவினால் கல்லில் வழிந்து, மிளகாய் கருகி வீடே இருமும். வெறும் சீஸ் பீட்சா மிஞ்சியிருந்தால், வரமிளகாய் போட்டு வறுத்த நம் உப்புக்கறியைத் தனியாக ஆவி பறக்கச் சூடுபண்ணி, பிய்த்து மேலே தூவிப் பாருங்கள். கறியில் கிடக்கும் முழு மிளகாயை மட்டும் பொறுக்கிவிடுங்கள், கறிக்கு நடுவே கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.