மேற்கோள் நோட்டு நிரம்பிவிட்டது, எழுத்துதான் வரவில்லை

கேள்வி: எழுத்தைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் பெரியவர்கள் சொன்ன வரிகளை நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். நோட்டு நிரம்பிவிட்டது. அவற்றைப் படிக்கும்போது எனக்கும் எழுதத் தெரியும் போல இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் எதுவுமே தெரியாதது போல இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் பேசும்போதும் இதே நிலைதான். இந்த நோட்டால் பயன் உண்டா, தூக்கிப் போட்டுவிடலாமா? கட்டுரையை மேற்கோளுடன் தொடங்குவது நல்லதா?
– ஒரு வாசகி (கடிதத்தின் சுருக்கம்)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நல்ல வரி ஒன்றைப் படித்ததும் கை பரபரக்கிறதே, அந்தப் பரபரப்பு பொய்யில்லை. நமக்குள் மங்கலாகக் கிடந்த ஒன்றை வேறொருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார் என்ற மகிழ்ச்சி அது. ஆனால் அந்தத் தெளிவு அவருடையது. எழுதி, அடித்து, திருத்தி அவர் அங்கே வந்து சேர்ந்தார். நம் கைக்கு வருவது முடிவு மட்டும்தான், அவர் வந்த வழி வருவதில்லை. படிக்கும்போது தெரிந்தது போலவும் எழுதும்போது தெரியாதது போலவும் உங்களுக்கு இருப்பது இதனால்தான்.

உங்கள் முழுக் கடிதத்தையும் படித்தேன். முதல் பத்தியில் நான்கு மேற்கோள்கள். உங்கள் சிக்கல் என்ன என்பது மூன்றாம் பத்தியில்தான் தலைகாட்டுகிறது. நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: "எழுத்துப் பணியில் ஈடுபடுவதற்கான ஊக்கத்தைப் பெறுவதற்காக மேற்கோள்களைத் திரட்டும் பணியை மேற்கொண்டு வருகிறேன்." தோழியிடம் பேசும்போது இப்படியா சொல்வீர்கள்? 'எழுத ஊக்கம் வேண்டி மேற்கோள்களைச் சேர்க்கிறேன்' என்பீர்கள். பத்துச் சொல் ஐந்தாகிவிட்டது, பொருளில் எதுவும் குறையவில்லை. அதே கடிதத்தில் "எனக்கும் எழுதத் தெரியும் போல இருக்கிறது; எழுத உட்கார்ந்தால் எதுவுமே தெரியாதது போல இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதில் மாற்ற எனக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் நீங்களே எழுதிய வாக்கியம் அது. ஆகவே எழுத வராது என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

நீங்கள் எடுத்துக்காட்டிய நான்கில் ஒன்று சொல்வன்மை அதிகாரத்துக் குறள்: "சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து." நீங்கள் சொல்லப்போகும் சொல்லை வெல்ல வேறொரு சொல் இல்லை என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்கிறார் வள்ளுவர். இதை ரசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். இதனிடம் வேலை வாங்கவும் செய்யலாம். நேற்று நீங்கள் எழுதிய பக்கம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் சந்தேகம் தரும் சொல்லின் இடத்தில் வேறொன்றை நிறுத்திப் பாருங்கள். 'மேற்கொண்டு வருகிறேன்' என்பதைச் சாதாரண 'செய்கிறேன்' எளிதாக வென்றுவிடும். தோற்ற சொல்லை அடித்துவிடுங்கள். அன்றைக்கு அந்தக் குறளுக்கு அது போதும். மேற்கோள் உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றைத் தொட வேண்டும். தொடாத வரை அது நோட்டில் இருக்கும் அழகான வரி, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது நன்னூலை. நோட்டில் அது இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய இலக்கண நூல். பள்ளியில் தேர்வுக்காகப் படித்து மறந்திருப்போம். அதன் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் வருகின்றன. உங்களுக்கு இப்போது வேண்டியது குற்றங்கள்தான் என்பேன். ஊக்கமூட்டும் வரி 'நன்றாக எழுது' என்கிறது. குற்றப் பட்டியலோ எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்று காட்டுகிறது. 'மற்றொன்று விரித்தல்' என்று ஒன்று: எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரிப்பது. உங்கள் கடிதத்தின் முதல் பத்தி அதுதான். 'கூறியது கூறல்' எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்கிறோம். 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது எனக்கு மிகவும் பிடித்த சொற்கள். பொலிவாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது. அலுவலக அறிக்கைகளில் பாதிக்கு இந்த நோய்தான். முதல் பக்கத்துக்கு இரண்டு நாள் உழைப்போம், கடைசிப் பக்கத்தை அரை மணியில் முடிப்போம். 'மயங்க வைத்தல்', அதாவது படிப்பவர் பொருள் புரியாமல் குழம்பும்படி எழுதுவது, இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் எழுதியவர் கண்ணுக்கு அது தெரியாது. அவருக்குத்தான் பொருள் முன்பே தெரியுமே!

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்தில் முதல் குற்றம் 'குன்றக் கூறல்', இரண்டாவது 'மிகைபடக் கூறல்'. குறைத்துச் சொன்னாலும் தவறு, கூட்டிச் சொன்னாலும் தவறு. அழகுகளிலும் 'சுருங்கச் சொல்லல்' என்று தொடங்கியவர் உடனே 'விளங்க வைத்தல்' என்கிறார். தனியாக வெட்டியெடுத்த மேற்கோளில் இந்த மறுபாதி பெரும்பாலும் இருக்காது. 'சொற்களைக் குறை' என்பது நோட்டுக்குள் வந்துவிடும், 'ஆனால் புரிய வேண்டும்' என்பது விடுபட்டுவிடும். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எழுதுகிறவர்களுக்கு ஆறு விதிகள் தருகிறார். வெட்ட முடிகிற சொல்லை எப்போதும் வெட்டு என்பது அதில் ஒன்று, அது எல்லா இடத்திலும் சுற்றுகிறது. இந்த விதிகளால் அருவருப்பாக எதையாவது எழுத நேர்ந்தால் அவற்றை மீறிவிடு என்பது ஆறாவது. அதை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

சரி, ஊக்கத்துக்கு என்று ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வது? நான் பாரதியை வைத்துக்கொள்வேன். 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் வெளிவந்தபோது எழுதிய முகவுரையில் "எளிய பதங்கள், எளிய நடை" என்று தொடங்குகிறாரே, அந்தப் பகுதி. பலரும் அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து அவர் சொல்வதுதான் எழுதுகிறவருக்குச் சோறு. ஓரிரண்டு வருஷத்து நூற்பழக்கம் உள்ள தமிழ் மக்கள் எல்லோருக்கும் பொருள் விளங்க எழுத வேண்டும், காவியத்துக்குரிய நயங்களும் குறையக் கூடாது என்கிறார். படிக்கப்போகிறவர் யார், அவருக்கு எவ்வளவு படிப்பு என்பதுவரை முடிவுசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்! சொன்னதைச் செய்தாரா என்று பார்க்கப் பக்கத்தைத் திருப்பினால் போதும், காவியம் அங்கேயே இருக்கிறது. நீங்களும் அடுத்த அறிக்கையை எழுதுமுன் காகிதத்தின் தலையில் யாருக்காக என்று ஒரு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு அடித்துவிடலாம்.

உங்கள் பட்டியலில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பெயரில் இருக்கும் 'குடித்துவிட்டு எழுது, தெளிந்தபின் திருத்து' என்பதை மட்டும் நீக்கிவிடுங்கள். அவர் எழுதியவற்றில் அது இல்லை. 1958இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழுக்குத் தந்த நேர்காணலில் அவர் சொன்னது வேறு: விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிடுவாராம். இன்னும் தெம்பு இருக்கும்போதே, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாராம். மறுநாள் தொடங்குவது சுலபமாகிவிடும். பொய் மேற்கோளைவிட இது எவ்வளவு பயனுள்ளது பாருங்கள். அதேபோல 'நேரமில்லாததால் கடிதம் நீண்டுவிட்டது' என்பதற்கு மார்க் ட்வெயின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1656இல் எழுதியது. பெயரைத் திருத்துங்கள், கூடவே அவர் சொன்னதையும் கணக்கில் எடுங்கள்: சுருக்குவதற்குத் தனியாக நேரம் வேண்டும். ஒரு மணி நேரம் எழுத வாய்த்தால் கடைசி இருபது நிமிடத்தை வெட்டுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூட்டத்தில் பேசுவது. "எண்பொருள வாகச் செலச்சொல்லித் தான்பிறர்வாய் நுண்பொருள் காண்ப தறிவு" என்று ஒரு குறள் இருக்கிறது. எளிதாக விளங்கும்படி, கேட்பவர் மனதில் போய்ச் சேரும்படி சொல்வது முதல் பாதி. பிறர் சொல்வதில் உள்ள நுட்பத்தைக் கண்டுகொள்வது மறுபாதி. கூட்டத்தில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் முறை வரும்வரை தங்கள் வாக்கியத்தையே மனதில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். முன்னால் பேசியவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள்; பாதிப் பதற்றம் போய்விடும். விமானக் கட்டுப்பாட்டு நிலையம் தரும் உத்தரவை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. சரியாகச் சொல்கிறாரா என்று நிலையத்தில் இருப்பவர் கவனிப்பார். சொல்லிவிட்டோம் என்பதற்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர்கள் நம்புவதில்லை. உங்கள் கூட்டத்திலும் முக்கியமான முடிவு ஒன்றைச் சொன்னால், "நான் சொன்னது சரியாக வந்ததா, ஒருமுறை சொல்லுங்களேன்" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கட்டுரையை மேற்கோளுடன் தொடங்கலாமா என்றால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன். வாசகர் உங்களைக் கேட்க வந்திருக்கிறார். அந்த மேற்கோளை ஆராயப் போகிறீர்கள் அல்லது மறுக்கப் போகிறீர்கள் என்றால் அது முதலில் வருவதில் நியாயம் உண்டு. மற்ற நேரங்களில் கட்டுரையை முழுதாக எழுதிவிட்டு மேற்கோளை எடுத்துப் பாருங்கள். கட்டுரை நிற்கிறதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ஓட்டை விழுகிறதென்றால் திரும்பச் சேருங்கள், முதல் வரியில் இல்லாமல் ஓட்டை விழுந்த அந்த இடத்தில். சேர்க்கும்போது சொன்னவர் பெயரோடு எங்கே, எப்போது சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.