போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு ஸ்டீல் பிரெய்டட் பிரேக் லைன் போடறது வொர்த்தா? பிரேக் ஆயிலும் சேர்த்து மாத்தணுமா?

லைனை (வீலுக்கு பிரேக் ஆயில் கொண்டு போற ஹோஸ்) விடுங்க, பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க? தேதி ஞாபகம் இல்லேன்னா இப்போதைக்கு லைன் பக்கமே போகாதீங்க, மொதல்ல பழைய ஆயிலை எடுத்துட்டு புதுசு மாத்துங்க. இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

என்கிட்ட இருக்கறதும் அதே வண்டிதான், 2014 மாடல், 1.2 லிட்டர், 105 பிஎஸ், ஆட்டோமேட்டிக், ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தி பவர் ஏத்தறது) பண்ணது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஒரு டிராக் டேக்கு (சொந்த வண்டிய டிராக்ல ஓட்ட விடற நாள்) எடுத்துட்டு போனேன். மூணு லேப் சூப்பரா போச்சு, நாலாவது லேப்ல பெடல் கொஞ்சம் ஆழமா போற மாதிரி இருந்துச்சு, பேட் (டிஸ்க்கை பிடிக்கற பிரேக் பேட்) சூடாயிருக்கும்னு கண்டுக்கல. அஞ்சாவது லேப்ல நேர் ரோடு முடியற இடத்துல மிதிச்சேன், பெடல் அப்படியே தரைக்கு போயிடுச்சு. காத்தை மிதிச்ச மாதிரி. படபடன்னு ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணதுல கொஞ்சம் திரும்பி வந்துச்சு, கியரை மேனுவல்ல போட்டு இறக்கி எப்படியோ மண்ணுக்குள்ள போகாம ஓரம் கட்டினேன். கூத்து என்னன்னா, அரை மணி நேரம் பிட்ல நின்னதும் பெடல் கிட்டத்தட்ட பழையபடி ஆயிடுச்சு. சர்வீஸ்ல காட்டினா ஓட்டிப் பாத்துட்டு "ஒண்ணும் பிராப்ளம் இல்ல சார்"னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து பழைய பில்லெல்லாம் எடுத்து பாத்தா மூணு வருஷமா "பிரேக் ஆயில் டாப் அப்"னு மட்டும்தான் இருக்கு, மாத்தவே இல்ல.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் தண்ணிய இழுக்கும், ரிசர்வாயர் (பிரேக் ஆயில் டப்பா) மூடில இருக்கற காத்து ஓட்டை வழியா, ரப்பர் ஹோஸ் வழியா கூட கொஞ்சம் கொஞ்சமா ஈரம் உள்ள போகும். டாட் 4-ங்கற கிரேடு ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும்னு ஸ்டாண்டர்டு, ஆனா 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 155 இருந்தா போதும்னுதான் அதே ஸ்டாண்டர்டு சொல்லுது. டிராக்ல காலிபர் (பேடை டிஸ்க்ல அமுக்கற பார்ட்) அந்தச் சூட்டை ஈசியா தாண்டும். ஆயில் கொதிச்சா உள்ள ஆவி, ஆவிய அமுக்கினா அமுங்கும், நீங்க மிதிக்கற மிதி பூரா அந்தக் குமிழிய அமுக்கறதுலயே போயிடும், பேட் வரைக்கும் போய்ச் சேராது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாயிடும், அதான் சர்வீஸ்காரங்க பாக்கறப்போ நல்லாருந்துச்சு. பேட் சூடாகி பிடிக்காம போறது வேற, அதுல பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. இந்த வித்தியாசம் தெரியாம நெறைய பேர் பேட் மேல பேட் மாத்தி காசு விடறாங்க. டிராக் போகாதவங்களும் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க, ஊட்டிலேர்ந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு இறங்கற 36 கொண்டை ஊசில வண்டிய டி-ல போட்டு பிரேக்லயே காலை வெச்சுட்டு வந்தா இதே கதைதான்.

இப்ப எந்த ஆயில்? ரோடுக்கு மட்டும்னா நல்ல டாட் 4 போதும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. டிராக் போறீங்கன்னா மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி, அது புதுசுல 312 டிகிரி வரை தாங்கும், ஆனா ஊத்திட்டு மூணு வருஷம் மறந்துடாதீங்க, நான் வருஷா வருஷம் மாத்திடறேன். டாட் 5.1 ஓகே, டாட் 5 வேண்டவே வேண்டாம். பேர் ஒண்ணு மாதிரி இருந்தாலும் டாட் 5 சிலிக்கான், மத்ததோட கலக்கக் கூடாது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. இன்னொண்ணு, நம்மூர்ல பிரேக் ஆயில்னு சொல்லிப் பழகிட்டோம், அதுக்காக எவனாவது பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஊத்தினா ரப்பர் சீல் பூரா ஊதிப் போய் மொத்த சிஸ்டமும் காலி.

லைனுக்கு வரேன். ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் பலமா மிதிக்கறப்போ லேசா உப்பும். பிரெய்டட்ல உள்ள டெஃப்ளான் குழாய், மேல ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பின்னல், அதனால உப்பறது குறையும், பெடல் டைட்டா இருக்கும், எவ்ளோ மிதிச்சா எவ்ளோ பிடிக்கும்னு கால்ல நல்லா தெரியும். அவ்ளோதான். பிரேக்கிங் தூரம் பாதியாயிடும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, ஆயில் கொதிக்கறதையும் அது நிறுத்தாது. என்னோட வரிசை ஆயில், பேட், அப்புறம்தான் லைன். உங்க ஹோஸ் பத்து வருஷம் ஆகி வெடிப்பு விட்டிருந்தா எப்படியும் மாத்தியே ஆகணும், அப்ப பிரெய்டட்டா போட்டுக்கறது நியாயம்.

நான் போட்டது மச்சானை வெச்சு வீட்லயே. பெடலை ஒரு இஞ்ச் அளவுக்கு கீழ அமுக்கி பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு கட்டைய முட்டுக் கொடுத்துட்டா, மாஸ்டர் சிலிண்டர்ல (மிதிக்கறப்போ ஆயிலை லைனுக்கு தள்ளற சிலிண்டர்) ரிசர்வாயர்லேர்ந்து ஆயில் வர்ற வழி அடைச்சுக்கும், ஹோஸை கழட்டறப்போ ரிசர்வாயர் காலியாகாது. இது ரொம்ப முக்கியம், காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள ஏர் போயிட்டா ஸ்கேனர் போட்டு பம்பை ஓட விட்டுத்தான் ஏர் எடுக்கணும். இரும்பு பைப் நட்டுக்கு சாதா ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும், நட்டை சுத்திப் பிடிக்கற ஃபிளேர் நட் ஸ்பேனர் வாங்குங்க. காலிபர்ல ஹோஸை பிடிச்சு வெக்கற பேன்ஜோ போல்ட்ல ஹோஸ் முனைக்கு ரெண்டு பக்கமும் வர்ற காப்பர் வாஷரை புதுசா போடுங்க, நான் பழசையே போட்டு மறுநாள் காலைல வீலுக்கு உள்பக்கம் ஈரம் பாத்து திரும்ப எல்லாத்தையும் கழட்டினேன்.

லைனுக்குள்ள புகுந்த ஏர் எடுக்க மீன் தொட்டி கடைல விக்கற டிரான்ஸ்பரன்ட் டியூப் போதும், ஒரு முனை காலிபர்ல ஏர் எடுக்கறதுக்குன்னு இருக்கற நிப்பிள்ல, இன்னொரு முனை கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டில்ல முங்கியிருக்கணும். நான் "அமுக்கு"ம்பேன், மச்சான் பெடலை அமுக்கிட்டு "புடிச்சிருக்கேன்"னு சொன்னதும் நிப்பிளை லூஸ் பண்ணி, டைட் பண்ணிட்டு "விடு". டைட் பண்றதுக்கு முன்னாடி விட்டா போச்சு, காத்து உள்ள ஏறிடும். டிகாஷன் கலர்ல வந்தது கொஞ்ச நேரத்துல இளம் மஞ்சளா மாறும், குமிழி நிக்கும். பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டை வெச்சுக்கங்க, பழைய மாஸ்டர் சிலிண்டர்ல பெடலை தரை வரை மிதிச்சா சீல் பழக்கமில்லாத இடத்துல உரசி கிழியலாம். பொதுவா மாஸ்டர் சிலிண்டருக்கு தூரமான வீல்ல ஆரம்பிப்பாங்க, உங்க மேனுவல்ல வேற வரிசை இருந்தா அதையே பாருங்க. பின்னாடி டிரம்முக்கும் நிப்பிள் உண்டு, மறந்துடாதீங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, என் ஃபென்டர்ல இன்னும் ஒரு தழும்பு இருக்கு.

எல்லாம் மாட்டினதும் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி லைன் எங்கயும் இழுக்குதா, டயர்ல உரசுதான்னு பாருங்க. இன்ஜினை ஆன் பண்ணி ஒருத்தர் பலமா மிதிச்சு வெச்சிருக்கறப்போ கழட்டி மாட்டின எல்லா ஜாயின்ட்லயும் டிஷ்யூ பேப்பரை ஒத்தி பாத்துட்டு, தெருவுக்குள்ளயே மெதுவா நாலு தடவ பிரேக் அடிச்சு பாத்துட்டு மெயின் ரோட்டுக்கு எடுங்க.