எடின்பரோவும் குயின் ஸ்ட்ரீட்டும்

ஐயா, வணக்கம்.

இயன் ரேங்கின் எழுதிய, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துப் போலீஸ் துப்பறிவாளர் ரீபஸ் வரும் நாவல்களைத் தேடித் தேடிப் படிப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி முதல் நாவலை வாங்கினேன். அறுபது பக்கம் தாண்டவில்லை. மழை, இருட்டு, குடி, சிகரெட்; கதை நகரவே மாட்டேன் என்கிறது. பள்ளி நாளில் அப்பா வாங்கிவரும் மாத நாவல்களை ஒரே இரவில் முடித்தவள் நான். கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் துப்பறியும் கதையில் அப்புறம் என்ன இருக்கிறது? அதற்காக இருபதுக்கும் மேலே நாவல்களா? இன்னொரு கேள்வி. 1867 கலவரம், ரகசியச் சங்கங்கள், பழைய கட்டடங்கள் என்று எல்லாம் இருக்கிற நம் பினாங்கை வைத்து இப்படி ஒரு வரிசை எழுதினால் என்ன?

க., புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள க.,

நீங்கள் மூடிவைத்ததில் தப்பே இல்லை. 1987இல் வந்த அந்த முதல் நாவலில் எழுதியவருக்கே இன்னும் கை பழகவில்லை. அதில் தொடங்கியிருந்தால் நானும் விட்டிருப்பேன். நான் படித்ததெல்லாம் இங்கே பினாங்கில் சௌராஸ்டா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளின் தயவு. அங்கே வரிசை கேட்க முடியாது. அன்றைக்கு அடுக்கிலிருந்து எது கைக்கு வருகிறதோ அதுதான்.

அப்படி முன்னும் பின்னுமாகப் படித்ததில், ரீபஸின் மகளை நான் முதலில் பார்த்தபோதே அவள் சக்கர நாற்காலியில் இருந்தாள். கார் மோதியதாம். முந்தைய நாவல்கள் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அவற்றில் அவள் சாதாரணமாக நடந்து வருகிறாள், அப்பாவோடு சண்டை போடுகிறாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கார் எந்த நாவலில் வரப்போகிறது என்று தெரியாதே. (கதையைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.) கொலைகாரன் யார் என்பது கடைசிப் பத்துப் பக்கத்து விஷயம். இந்த மனிதருக்கு வயதாவதைப் பார்ப்பதற்குத்தான் இத்தனை நாவல்கள். பல துப்பறிவாளர்களுக்கு முப்பது வருடம் போனாலும் ஒரு நரை விழாது. ரீபஸ் அப்படியில்லை. 2007 நாவலில் அறுபது வயதாகி ஓய்வுபெறுகிறார், வீட்டில் இருக்க முடியாமல் 2012 நாவலில் திரும்பி வருகிறார். அவரோடு ஊரும் மாறுகிறது. 1999இல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வந்ததும், அதற்கான கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு பிணத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார் ரேங்கின்.

எடின்பரோவும் அதற்குத் தோதான ஊர்தான். கௌகேட் என்று ஒரு தெரு, அதன் தலைக்கு மேலே பாலங்களில் வேறு தெருக்கள் ஓடுகின்றன. மேலே கடைகடையாக ஏறி இறங்குகிறவர் கீழே ஒரு தெரு இருப்பதையே மறந்துவிடலாம். வில்லியம் பிரோடி என்று ஒரு தச்சர், நகரசபை உறுப்பினர் வேறு. பகலில் பணக்காரர் வீடுகளில் மர வேலை, பூட்டு வேலை. இரவில் அதே வீடுகளுக்குக் கள்ளச் சாவி. 1788இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் செய்த அலமாரி ஒன்று, பின்னாளில் நல்ல டாக்டர் ஜெக்கிலும் கொடிய ஹைடுமாக ஒரே ஆளை எழுதிய ஸ்டீவன்சன் சிறுவனாக இருந்த வீட்டில் இருந்தது. 1836இல் ஆர்தர்ஸ் சீட் குன்றில் முயல் பிடிக்கப் போன பையன்களுக்குக் குட்டிக் குட்டிச் சவப்பெட்டிகள் 17 கிடைத்தன, ஒவ்வொன்றிலும் ஒரு மரப்பொம்மை. யார் வைத்தது, எதற்கு என்று இன்றுவரை தெரியாது. மிஞ்சிய எட்டு அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2001இல் வந்த 'த ஃபால்ஸ்' நாவல் அந்தப் பெட்டிகளைக் கையில் எடுக்கிறது. நீங்கள் அதில் தொடங்குங்கள்.

சரி, பினாங்கு. ரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்ட 1867 கலவரத்தை நான் தொட மாட்டேன். பீரங்கி வெடித்ததும் கேனன் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் வந்ததும் சுற்றுலா வழிகாட்டிகள் நாள்தோறும் சொல்கிற கதை. என்னைக் கேட்டால் நாவல் தொடங்க வேண்டியது 2000 ஜனவரியில். வாடகையை ஏறாமல் பிடித்துவைத்திருந்த பழைய கட்டுப்பாடு அதற்கு முந்தைய மாதத்தோடு முடிந்தது. குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் என் சித்தப்பா குடும்பம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த வாடகை ஒரே கடிதத்தில் பல மடங்கானது. சித்தி அம்மிக்கல்லை அஞ்சடியிலேயே, அதாவது கடைவீட்டு முன் நடைபாதையிலேயே, விட்டுவிட்டுக் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் போனாள். அதை லாரியில் ஏற்ற ஆள் இல்லை.

அப்புறம் நகரில் காலியான கடைவீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவி வளர்த்தார்கள், சீனர்கள் சூப் வைக்கும் அதன் கூடுகளுக்காக. ஜன்னலையெல்லாம் அடைத்து, குருவிச் சத்தத்தைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் விடுவார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் ஆளில்லாத வீடு கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். உள்ளே யாராவது அலறினால்கூட வெளியே கேட்டிருக்காது. நான் எழுதினால் முதல் பிணம் அங்கேதான். 2008இல் யுனெஸ்கோ பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த சில வருடங்களில் பழைய கடைவீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாயின.

நம் துப்பறிவாளர் ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர் என்று வையுங்கள். போலீஸ்காரர் எந்தக் கதவையும் தட்டலாம். விடுதி முதலாளி கோப்பி கொடுப்பார், பேச மாட்டார். பேசக்கூடியவர்கள், அதாவது அந்த அஞ்சடியில் நாற்பது வருடம் பூக்கட்டியவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் கணக்கு எழுதியவர், இவர்களெல்லாம் தெருவிலேயே இல்லை. ஒரு சாட்சிக்காக அவர் ஃபெரி ஏறிப் போக வேண்டும். அந்தச் சாட்சி, என் சித்தி மாதிரி, கொலையைப் பற்றிப் பேசாமல் முதலில் அம்மிக்கல்லைப் பற்றித்தான் கேட்பாள்.

ஒரே நாவலில் இது அடங்காது. முதல் நாவலில் இன்ஸ்பெக்டராக இருப்பவர் கடைசி நாவலில் ஓய்வுபெற வேண்டும். எழுதுகிறவருக்கும் இருபது வருடம் பிடிக்கும். எனக்கு இப்போது அறுபத்தெட்டு. உங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது எழுதுகிற பையன், பெண் இருந்தால் சொல்லுங்கள்.

'த ஃபால்ஸ்' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. தீவுக்கு வரும்போது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முதுகில் ஒட்டுப் போட்டிருக்கிறேன், விரித்துக் கவிழ்த்து வைக்காதீர்கள்.