மூட் சார்ட்டை இரண்டே நாளில் கைவிடும் மகள்

கேள்வி: 15 வயது மகளுக்கு பைபோலார் (மனச்சோர்வும், மனம் அளவுமீறித் துள்ளும் மிகை எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். தினமும் மனநிலையைக் குறித்துவரச் சொன்னார் டாக்டர். இரண்டு நாள் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறாள். அவளுக்குப் பதில் நானே எழுதலாமா? மனநிலை மாறும்போது என்ன செய்வது?

பதில்: சோர்ந்திருக்கும் பிள்ளையிடம் இருபது கட்டம் போட்ட தாளை நீட்டினால் யாரும் நிரப்ப மாட்டார்கள். நான்கு கட்டம் போதும்: மனநிலை, எரிச்சல், தூங்கிய நேரம், மாத்திரை. மாதவிடாய் நாட்களுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. எழுத ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.

மனநிலைக்கு -3 முதல் +3 வரை எண். 0 என்பது அவளுடைய வழக்கமான நாள். ஒவ்வொரு எண்ணுக்கும் அடையாளத்தை அவளே சொல்லட்டும். ‘-2: குளிக்கத் தோணல, மெசேஜுக்குப் பதில் போடல.’ ‘+2: பேச்சை நிறுத்த முடியல, ஒரே நேரத்துல பத்து யோசனை.’ வெறுமனே ‘சோகம்’ என்று வைத்தால் இந்த மாத -2 வேறு, அடுத்த மாத -2 வேறு ஆகிவிடும். ஒரே நாளில் ஏறி இறங்கினால் இரண்டு எண்ணையும் எழுதட்டும். சராசரி பார்க்க வேண்டாம். எரிச்சலுக்குத் தனிக் கட்டம் ஏனென்றால், இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, சிடுசிடுப்பாகத்தான் வரும்.

ஒரே ஒரு கட்டம்தான் நிரப்புவாள் என்றால் அது தூக்கமாக இருக்கட்டும். தூக்கம் வராமல் புரண்டு மறுநாள் துவண்டு கிடப்பது ஒன்று. நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் துள்ளுவது வேறு. பின்னது மிகை எழுச்சியின் முன்னறிகுறியாக இருக்கலாம். ஆகவே மணிக்கணக்கோடு ‘களைப்பு உண்டு / இல்லை’ என்றும் குறிக்க வேண்டும். களைப்பில்லாத குறைத்தூக்கம் இரண்டு இரவு தொடர்ந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

விட்டுப்போன நாட்களைப் பிறகு உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். இன்றைய மனநிலைதான் போன வாரத்துக்கும் சாயம் பூசும்.

அவள் தாளில் நீங்கள் எழுதாதீர்கள். அவளுக்குத் தெரிந்தே தனித்தாளில் நீங்கள் பார்த்ததைக் குறியுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதுவும் டாக்டருக்குத் தகவல்தான். ‘-2ன்னு போட்டுட்டு போன்ல மட்டும் சிரிச்சியே’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அதன்பின் எல்லா நாளும் 0 என்றே வரும்.

என்ன செய்வது என்பதை மனம் தெளிவாக உள்ள நாளில், எண் வாரியாக அவளோடு சேர்ந்து எழுதுங்கள். -1 என்றால் பத்து நிமிட நடை, ஒரு சின்ன வேலை. -2 என்றால் தனியே இல்லாமல் பிடித்த ஒருவரோடு இருப்பது. மேல்பக்கத்துக்கு இதே வழி ஆகாது. பலர் தவறுவது இங்கேதான். +1 வந்தாலே கூட்டம், காபி, இரவு போன் எல்லாம் குறையணும். விளக்கைச் சீக்கிரம் அணைக்கணும். பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடணும். மாத்திரை தவறினால் மறுவேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

-3 என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ நடையும் மூச்சுப் பயிற்சியும் போதாது. ‘உயிரை விடணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாமல், மாத்திரைகளையும் கூர்மையான பொருட்களையும் பூட்டிவைத்து, உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். போகவேண்டிய இடமும் டாக்டரின் எண்ணும் தாளின் தலைப்பிலேயே இருக்கட்டும்.

டாக்டரிடம் போகும்போது நான்கு வாரத்தையும் ஒரே பக்கத்தில் எடுத்துப்போங்கள். எந்த மூன்று நாட்களைப் பற்றிப் பேசணும் என்று அவளே வட்டமிடட்டும்.